ஆறாம் மாடியின் பதினான்கு நாட்கள்

மார்ச் 2

தங்கைக்கு,

என் சாரணர் படையில் உள்ள ஒரு பெண்ணின் ஐந்து மாத உழைப்பை நீ ஒரே சிவப்புக் கோட்டில் இல்லாமல் செய்துவிட்டாய். இது தவறு. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

சாரணர் உயர் சேவை விருதுக்கு நம் மாவட்டத்திலிருந்து ஏழு பெயர்கள் கேட்டிருந்தீர்கள். ஏழு போனது. திரும்பி வந்த பட்டியலில் ஆறுதான் மிச்சம். ஐந்தாவது பெயர்மீது கோடு. ஓரத்தில் "குறிப்பேடு நம்பத்தக்கதாக இல்லை" என்று ஒரு வரி. கீழே, மாவட்ட ஆணையர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை உன் ஆறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். வேறு யாரோ போட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அவளை உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஆறு மாடிக் குடியிருப்பு. செப்டம்பரில் அதன் லிஃப்ட் நின்றுபோனது. மேல் மாடிகளில் இருப்பவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள், மீதிப்பேர் அவர்களைப் பார்த்துக்கொள்ள நேரம் இல்லாதவர்கள். இந்தப் பெண் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவள்கூட இல்லை. எதிர்த்தெரு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஐந்திலிருந்து ஏழு வரை குடிதண்ணீர் கேன், மருந்து, காய்கறி, யாருடைய கண்ணாடியோ ரிப்பேர் ஆகி வந்தது என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். இறங்கும்போது கையில் குப்பை. ஜனவரிக் கடைசியில் லிஃப்ட் சரியாகும்வரை தொண்ணூற்று ஆறு நாட்கள். விருதுக்குத் தேவை தொண்ணூறு. அந்தக் கட்டடத்தில் அவள் பெயரே யாருக்கும் நினைவில்லை, எல்லோருக்கும் அவள் 'லிஃப்ட்'தான். "லிஃப்ட் வந்துடுச்சா?" என்று மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். "வந்துட்டேன், கதவைத் திறங்க" என்று அவளும் கத்துவாள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவளுக்குப் பதினெட்டு வயது முடிகிறது. அதற்குப் பிறகு இந்த விருதுக்கு அவள் பெயரை எழுதவே முடியாது. பட்டியல் தலைமையகத்துக்குப் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் மார்ச் முப்பத்தொன்று. தலைமையாசிரியையாக இருந்தவளுக்கு, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் நாள்கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனில் பேசிவிடலாமே என்று மாப்பிள்ளை சொல்வார். பேசினால் நான் கத்துவேன், நீ போனை வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் இரண்டு பேரும் பின்னால் மாற்றிப் பேச முடியாது.

பெயரைத் திரும்ப எழுது.

உன் அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். விசாரித்தது அவள், நான் இல்லை.

அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். கடிதம் நேற்று வந்தது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வருகிறீர்கள் என்று அண்ணி போன முறை சொன்னார்கள். மோட்டார் காயில் கட்டுகிற மேசையில் மாத்திரை கிடந்தால் யாருக்கு வலி போகும்? அண்ணியிடம் நானும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நீங்கள் விசாரிக்காததையும் விசாரித்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

பெயரை அடித்தது நான்தான். காரணத்தை ஒரே வரியில் முடித்தது என் பிழை. இப்போது விவரமாக எழுதுகிறேன்.

தொண்ணூற்று ஆறு நாள் குறிப்பும் ஒரே பேனா, ஒரே மை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஓர் அடித்தல் இல்லை, ஒரு கறை இல்லை. ஐந்து மாதம் தண்ணீர் கேனோடு மாடி ஏறிய புத்தகத்தில் ஒரு சொட்டுக்கூடப் பட்டிருக்காதா அண்ணா? ஒவ்வொரு நாளுக்கும் அன்று உதவி பெற்றவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் போட்டதும் ஜனவரியில் போட்டதும் ஒரே மூச்சில் போட்டதுபோல, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே சாய்வில் இருக்கின்றன.

நம் மாவட்டத்தின் பதினோராவது விதி உங்களுக்கு மனப்பாடம். அன்றன்று எழுதாமல் ஒரே அமர்வில் எழுதியதாகத் தெரியும் குறிப்பேடு ஏற்கப்படாது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் மாவட்டக் கூட்டத்தில் அந்த விதியைக் கொண்டுவந்தவர் நீங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே நாளில் நூறு நாள் சேவையை எழுதி அனுப்பிய காலம் அது. "பதக்கம் கொடுங்க, வேண்டாங்கல. பொய் எழுதப் பழக்கிக் கொடுக்காதீங்க" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் அன்று மைக்கே தேவைப்படவில்லை. அந்த விதியைத்தான் நான் பயன்படுத்தினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறாம் மாடியில் இருக்கும் தையல்காரருக்கு உதவியதாகப் பதினான்கு நாட்கள் எழுதியிருக்கிறது. அந்தப் பதினான்கு வரிகளில் அவர் கையெழுத்து இல்லை. "நேரில் கண்டேன்" என்று எழுதி உங்கள் கையெழுத்து இருக்கிறது. பதினான்கு முறை.

இதை நீங்களே எனக்கு விளக்குங்கள். கோபப்படாமல் எழுதுங்கள். கோபப்பட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

மைதான் உன் பிரச்சினை என்றால் அது இரண்டே வரியில் தீர்ந்துபோகும். அந்தப் புத்தகத்தைத் திருப்பி எழுதச் சொன்னது நான். எழுதினாள். தீர்ந்தது.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். போன வருடம் விருதுக் கூட்டத்தில் உன் துணை ஆணையர், அந்த இஸ்திரி மடிப்புக் கலையாத பையன், என் படைப் பிள்ளை ஒருவனின் குறிப்பேட்டை எலி வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, "சார், இது குறிப்பேடா, டாக்டர் எழுதின மருந்துச் சீட்டா?" என்று கேட்டான். அறை முழுக்கச் சிரிப்பு. நீயும் மேடையில்தான் இருந்தாய். நீ சிரிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

நான் எழுதப் படித்தது மோட்டார்ப் பெட்டிகளின்மேல் ஒட்டிவரும் காகிதங்களைப் பார்த்தும், சாரணர் கையேட்டைப் பார்த்தும். இருபத்து மூன்று வயதில்தான் கூட்டெழுத்து வந்தது. என் படையிலிருந்து போகும் காகிதத்தைப் பார்த்து இனி ஒருத்தன் சிரிக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பெண்ணின் புத்தகம் பார்க்கச் சகிக்காது. தண்ணீர் பட்டு மை பரவி, எண்ணெய்க் கை வைத்து, ஒரு பக்கத்தில் யாரோ மருந்து டோஸ் எழுதி வைத்து, நாலு நிறப் பேனா. தையல்காரர் துணியில் கோடு போடுகிற நீலப் பென்சிலால் கையெழுத்துப் போட்டிருந்தார். இதை அனுப்பினால் உன் பையன் நாடகமே நடத்துவான். புதுப் புத்தகம் வாங்கிக்கொடுத்து, "முத்து முத்தா எழுது, ஒரு அடித்தல் இருக்கக் கூடாது" என்றேன். பிப்ரவரி மாதம் ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு, ஓடத் தொடங்கிவிட்ட லிஃப்டில் ஏறி, ஒன்பது வீட்டிலும் நானே நின்று புதுக் கையெழுத்து வாங்கினேன். பழையது பழைய பேப்பர் கட்டோடு போய்விட்டது.

தையல்காரர் அதற்குள் உடம்பு முடியாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. அதனால் அந்த வரிகளில் நான் போட்டேன். சாரண ஆசிரியருக்கு அந்த உரிமை உண்டு. விதிப்புத்தகத்தைப் பார்.

ஆக, எழுதியது புதுசு, செய்தது பழசு. இதில் பொய் எங்கே?

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வருடமாக மனதில் வைத்திருக்கிறாய். உன் பதினாறு வயதில், மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பத்திரிகை படித்துக் காட்டும் முப்பது நாள் சேவையில், உனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் உன் தோழி போனாள். அப்போது உதவி ஆசிரியராக இருந்த நான் அந்த ஒரு நாளுக்குக் கையெழுத்துப் போடவில்லை. உனக்கு விருது போயிற்று. அம்மா என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. அந்தக் கோபத்தை என்மேல் காட்டு, வாங்கிக்கொள்கிறேன். மாடி ஏறிய பெண்மேல் காட்டாதே.

அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். இரண்டாவது முறை உங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "உங்க அண்ணன் திட்டுறதுலயும் ஒரு எழுத்துப்பிழை இல்ல பாரு" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார முடிந்தது.

துணை ஆணையர் அன்று பேசியது தவறு. நான் கேட்காமல் இருந்தது அதைவிடத் தவறு. கூட்டத்துக்குப் பிறகு தனியாகக் கேட்டேன், ஆனால் அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சிரித்தது கூட்டத்தில், கண்டித்தது அறைக்குள். அந்தக் கணக்கில் நான் உங்களுக்குக் கடன்பட்டவள்தான்.

ஆனால் அந்தப் பழைய புத்தகத்தை நீங்கள் அனுப்பியிருந்தால் நான் எழுந்து நின்று வாங்கியிருப்பேன். நாலு நிறப் பேனாவும், எண்ணெய்க் கையும், நீலப் பென்சிலும்தான் அண்ணா அத்தாட்சி. அழகாக இருக்கட்டும் என்று அத்தாட்சியைக் கழுவித் துடைத்துவிட்டீர்கள்.

பழி தீர்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இப்போது பதில் எழுதப் போவதில்லை. எழுதினால் நீளும், நாட்கள் குறைவாக இருக்கின்றன.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாரண ஆசிரியருக்குக் கையெழுத்துப் போட உரிமை உண்டு, சரி. ஆனால் நீங்கள் "சரிபார்த்தேன்" என்று எழுதவில்லை. "நேரில் கண்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட் ஓடாத அந்த மாதங்களில், அந்த முழங்காலோடு, நீங்கள் ஆறாம் மாடி ஏறினீர்களா? அவள் அந்தக் கதவுவரை போனதை நீங்கள் பார்த்தீர்களா?

ஆம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

வரும் சனிக்கிழமை அந்தப் பெண்ணை என் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பயமுறுத்த மாட்டேன். உட்கார வைத்துத்தான் பேசுவேன்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 16

மாவட்ட ஆணையர் அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடமாகப் படை நடத்துகிறவனிடம் ஆமா இல்லையா என்று கேட்கிறீர்கள். திருடனைப் பிடித்து வைத்துக் கேட்பதுபோல.

அவள் போனாள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பெயர் பட்டியலில் ஏறாவிட்டால் நேராகத் தலைமையகத்துக்கு எழுதுவேன். உங்கள் சம்மதம் கேட்க மாட்டேன். அதன்பிறகு மே மாதம் என் பேத்தியின் கல்யாணத்துக்கு மாவட்ட ஆணையரை அழைக்க வேண்டுமா, தங்கையை அழைக்க வேண்டுமா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். இரண்டு பேரையும் அழைக்காமல் விட்டுவிடுவது சுலபம்.

உங்கள் அண்ணி இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கூடாது என்று சண்டை போடுகிறாள். "அந்தப் புள்ள கேட்டதுக்கு ஒரு வார்த்தையில பதில் இருக்கு, நீங்க ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

சாரண ஆசிரியர்


மார்ச் 19

அண்ணா,

நேற்று அவள் வந்தாள். உயரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருக்கிறாள். சீருடையில் வந்தாள், கழுத்து ஸ்கார்ஃப் ஒரு மடிப்புக்கூடத் தப்பவில்லை, அது உங்கள் படை என்று வாசலிலேயே தெரிந்தது. சாரணர் முறைப்படி இடது கையை நீட்டிக் கைகுலுக்கினாள். உள்ளங்கையில் கேனின் பிடி அழுத்திய இடம் காய்த்துப்போயிருக்கிறது. ஆகவே தண்ணீர் தூக்கினாளா என்று நான் கேட்கவே இல்லை.

"முதல் புத்தகம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"தொலைச்சிட்டேன் மேடம். பஸ்ல."

"அப்போ இதைத் திருப்பி எழுதச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நானாதான் எழுதினேன்."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"அந்தப் பதினாலு நாள்? நேர்ல கண்டேன்னு அவர் எழுதியிருக்காரே?"

நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்கார்ஃபின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "பார்த்தார் மேடம். மேல வந்து பார்த்தார்."

அவள் முன்னால் இருந்த என் மேசை இழுப்பறைக்குள் உங்கள் மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதம் இருந்தது. திருப்பி எழுதச் சொன்னது நான், பழையது பேப்பர் கட்டோடு போயிற்று என்று உங்கள் கையாலேயே எழுதியது. அதை எடுத்து அவளிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. காட்டியிருந்தால் அந்தப் பிள்ளை அங்கேயே உடைந்திருக்கும்.

உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள் அண்ணா. விசாரணையில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். விருது மட்டும் இல்லை, சீருடையே போகும். அவள் சொன்னதை எழுத்தர் எழுதி வைத்திருக்கிறார். இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது அந்தப் பழைய விஷயம். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இருந்தது. இரண்டு வருடம் இருந்தது. பிறகு போய்விட்டது, எப்படிப் போனது தெரியுமா? ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். என் அண்ணன் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டார், சொந்தத் தங்கை என்றாலும் போட மாட்டார், அம்மா அழுதாலும் போட மாட்டார். அப்படி ஓர் ஆள் என் வீட்டில் இருக்கிறார். அதில் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. பதக்கத்துக்குப் பதிலாக அதை வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சான்றிதழில் வயதை மாற்றச் சொல்லி வந்தவர்களிடம், வருகையைக் கூட்டிப் போடச் சொன்னவர்களிடம், மாற்றல் வரும் என்று மிரட்டியவர்களிடம், உங்களை நினைத்துக்கொண்டுதான் முடியாது என்று சொன்னேன்.

அந்தப் பதினான்கு வரிகள் பொய் என்றால், என் அந்த ஒரு நாளை நான் என்ன செய்வது? நீங்கள் சொல்லுங்கள்.

தலைமையகத்துக்கு எழுதுவதென்றால் எழுதுங்கள். கல்யாணத்துக்கு அழைக்காவிட்டாலும் வருவேன், அண்ணியின் பக்கத்தில் உட்காருவேன். ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். அதற்குப் பிறகு அவள் வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

தங்கை


மார்ச் 23

தங்கைக்கு,

இல்லை.

நான் ஆறாம் மாடி ஏறவில்லை. அவள் அந்தக் கதவுவரை போனதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று பதினான்கு முறை எழுதினேன். உண்மையான புத்தகத்தை அழித்தேன். ஒரு பெண்ணைப் பொய் சொல்லும் நிலையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மூன்றும் நான் செய்தது. உன் சிவப்புக் கோட்டில் தவறு இல்லை. முதல் கடிதத்தில் இது தவறு என்று எழுதியிருந்தேன், அதை அடித்துக்கொள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று மாலை அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். ஒரு பம்ப் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"உங்களைப் படையிலேர்ந்து எடுத்துடுவாங்கன்னு நினைச்சேன் மாஸ்டர்."

"எடுத்தா என்ன இப்போ?"

"அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை எங்களை யார் திட்டுவாங்க?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"நான் மேல வந்து பார்த்தேன்னு சொல்லியிருக்க. வந்தேனா?"

"இல்ல மாஸ்டர். நீங்க வாட்ச்மேன் நாற்காலியிலதான் உட்கார்ந்திருப்பீங்க."

"அது தெரிஞ்சும் நான் எழுதினப்போ நீ ஒண்ணும் கேட்கலையே?"

"கேட்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு மாஸ்டர். நீங்க எழுதுறீங்கன்னா அதுல ஏதோ ஒரு விதி இருக்கும்னு விட்டுட்டேன்."

அதற்குமேல் என்னால் வேலை செய்ய முடியவில்லை. பாதி சுற்றிய காயிலில் எத்தனை சுற்று போட்டேன் என்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் குடியிருப்புக்குப் போனேன். லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நான் படியில் ஏறினேன். ஏன் என்று கேட்காதே, அப்போது எனக்கும் தெரியாது. இரண்டாம் மாடியில் உட்கார்ந்தேன். மூன்றாம் மாடியில் உட்கார்ந்தேன். நாலாம் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு நர்ஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, லிஃப்ட் நல்லா ஓடுதே சார்! யார் மேல கோவம்?" என்றார். நாற்காலி கொண்டுவந்து போட்டார். நாடியையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஏறினா நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன்" என்றார். பிறகு படியின் திருப்பத்தில் இருக்கும் சிமெண்ட் திட்டைக் காட்டினார். "உங்க பொண்ணு இங்கதான் கேனை இறக்கி வச்சு தோள் மாத்துவா. வாய்விட்டு முப்பது எண்ணுவா. எங்க வீட்டு டிவி சத்தத்தையும் மீறிக் கேட்கும்."

ஆறாம் மாடிக்குப் போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆனது. தையல்காரர் வீடு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்தேன். அதற்கு மட்டும்தான் நான் சாட்சி. நாலாம் மாடிவரை அவள் வந்ததற்கு நர்ஸ் சாட்சி. அதற்குமேல் இரண்டு மாடிக்கு இன்றுவரை எங்களில் ஒருவரும் சாட்சி இல்லை. அவள் போனாள் என்று நான் இப்போதும் நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுத வேண்டிய இடத்தில் கண்டேன் என்று எழுதினேன்.

உன் அந்த ஒரு நாள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். எதுவும் செய்யாதே, இருக்கிற இடத்திலேயே வைத்திரு. அன்று நான் கையெழுத்துப் போடாதது சரி. இன்று போட்டது தவறு. இன்றைய தவறு வந்து அன்றைய சரியைத் தொட முடியாது. அன்று சரியாக இருந்தவனை நினைத்துக்கொண்டுதான் நீ பள்ளிக்கூடத்தில் முடியாது என்று சொன்னாய். ஆனால் மிரட்டல் வந்தபோது எதிரில் உட்கார்ந்திருந்தது நான் இல்லை, நீ. அது உன்னுடையது. எனக்கு அதில் பங்கு வேண்டாம். பழி தீர்க்கிறாய் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கல்யாணத்தைப் பற்றி எழுதியதையும்.

இனி ஆக வேண்டியவை. எட்டு நாள்தான் இருக்கிறது, அதனால் யார் என்ன செய்வது என்று பிரித்து எழுதுகிறேன். தபாலை நம்பாமல் இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ: இருபத்தெட்டாம் தேதிக்குள் தையல்காரரின் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். முகவரியை நர்ஸிடம் வாங்கிப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் போகவில்லை, போனும் செய்யவில்லை. செய்தால் சாட்சியைத் தயார் செய்ததுபோல ஆகிவிடும். முதலில் அவர் உடம்பை விசாரி. பிறகு, லிஃப்ட் நின்றிருந்தபோது யார் வந்தார்கள், எத்தனை நாள் என்று கேள். பெயரையும் எண்ணையும் நீ எடுத்துக்கொடுக்காதே. பதினான்கு என்றால் பதினான்கு. எட்டு என்றாலும் மற்ற எண்பத்திரண்டோடு தொண்ணூறு வந்துவிடும். ஏழு என்றால் வராது. வராவிட்டால் பெயர் வேண்டாம், அவளிடம் அதை நான் சொல்கிறேன்.

துணை ஆணையர்: அந்த எண்பத்திரண்டு நாட்களுக்கு ஒன்பது வீடுகளிலும் கேட்டு, அவரவர் சொல்வதை அப்படியே எழுதி வர வேண்டும். எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்.

அவள்: உன் அலுவலகத்துக்குத் தனியாக வந்து, சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் அம்மாவும் கூட வரக் கூடாது. தண்டனை என்ன என்பதை நீ முடிவு செய். குறைத்துக் கொடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. யாருக்காகச் சொன்னாள் என்பதை மட்டும் அதே காகிதத்தில் எழுதிவிடு.

மாவட்டக் குழு: பதினோராவது விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிள்ளை அன்றன்று எழுதிய புத்தகத்தை மாற்றி எழுதச் சொல்லும் ஆசிரியர்தான் அதற்குப் பொறுப்பு, பிள்ளை அல்ல. வாசகத்தை நான் எழுதி இணைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் உதவி ஆசிரியை: இந்தச் சனிக்கிழமை முதல் படை அவளுடையது. கொடி, முதலுதவிப் பெட்டி, அறைச் சாவி எல்லாம் இன்று காலையே கொடுத்தாயிற்று. அழுதாள். அழுதுகொண்டே பெட்டியில் பஞ்சு குறைகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். நன்றாக நடத்துவாள்.

நான்: சாரண ஆசிரியர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லும் விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. காரணம் முழுதாக எழுதியிருக்கிறேன். உடல்நிலை என்று மாற்றிவிடாதே.

பிறகு நாளை மறுநாள், சனிக்கிழமை ஐந்து மணிக்கு, முப்பத்திரண்டு பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது, நான் செய்ததை நானே அவர்களிடம் சொல்வேன். எட்டு வயதுக் குட்டிகளும் நிற்பார்கள். அவர்களை வெளியே அனுப்பக் கூடாது. யாரும் நடுவில் வந்து எனக்காகப் பேசக் கூடாது. நீ வருவதானால் பின்வரிசையில் நில். யாராவது கேள்வி கேட்டால், எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும், நான் பதில் சொல்லி முடிக்கும்வரை கொடியை இறக்க வேண்டாம்.

அண்ணன்